பூனையைப் பத்திக் கேட்டிருக்கீங்க, சொல்லுதேன்

போன மாசம் நாய்க்கு ஊசி போடுறதைப் பத்தி எழுதுனதும், "நாயை மட்டும் எழுதுதீங்க, எங்க பூனை என்ன பாவம் பண்ணிச்சு"ன்னு கேட்டு லெட்டரும் வாட்ஸப்பும் நிறைய வந்துச்சு, அதனால இந்த மாசம் முழுக்க பூனைதான். எல்லாருக்கும் தனித்தனியா பதில் சொல்ல இடம் பத்தாது, ஒரே மாதிரி கேட்டிருந்ததை ஒண்ணா சேத்து எடுத்திருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

"அக்கா, தெருவுல சுத்துற பூனை போட்ட குட்டில ஒண்ணை எடுத்துட்டு வந்தோம், ரெண்டு மாசம் இருக்கும், பொட்டைக் குட்டி. வந்து ஒம்பது நாளாச்சு, பீரோவுக்கு அடியிலேயே கிடக்கு. ராத்திரி நாங்க தூங்குனப்புறம் வந்து சாப்ட்டுட்டு திரும்பப் போயிருது. பிள்ளைங்க ரெண்டும் கையை விட்டு இழுக்கப் பாத்து ரத்தம் வர்ற மாதிரி கீறல் வாங்கியாச்சு. இது எங்ககூட பழகவே பழகாதா?"
(சேரன்மாதேவி வாசகி)

பழகும் தங்கச்சி. ஆனா பூனையைப் பத்திப் பேசுறதுக்கு முன்னால பிள்ளைங்களைப் பத்தி ஒரு வார்த்தை. தெருப்பூனைக் குட்டி, ஊசி போடாதது, கீறி ரத்தம் வந்திருக்குன்னா இதைப் படிச்ச உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. முதல் நாள், அப்புறம் 3, 7, 28வது நாள்னு நாலு தடவை வெறிநோய் ஊசி, காசு கிடையாது. இனிமே கீறினா உடனே குழாயைத் திறந்து விட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவணும், மஞ்சள் வைக்கிறது சுண்ணாம்பு வைக்கிறது எதுவும் வேண்டாம். குட்டிக்கும் மூணு மாசம் ஆனதும் வெறிநோய் ஊசி போட்டுருங்க, அப்புறம் வருசா வருசம்.

இப்ப குட்டி விஷயம். அந்தக் கையை விட்டு இழுக்கிறதை இன்னைக்கே நிப்பாட்டணும். நீங்க கொஞ்சம் அது இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க, அம்மா வாசனை இல்லை, கூடப் பொறந்ததுக இல்லை, தரையில ஃபினாயில் வாடை, மிக்ஸி சத்தம், குக்கர் விசில், நாலு பக்கமும் பெரிய பெரிய காலு, இதுல ஒளிய ஒரு இடம் கிடைச்சிருக்கு, அந்த இடத்துக்குள்ளயும் ஒரு கை வந்து இழுக்குன்னா அது எதைத்தான் நம்பும்? பீரோ அடியை அதுக்கே விட்டுக் குடுத்துருங்க. அது அதோட வீடு. ஒரு பழைய சேலையை மடிச்சு உள்ள தள்ளி விடுங்க, நீங்க உடுத்திக் கழட்டுன சேலையா இருந்தா இன்னும் நல்லது, உங்க வாசனை அதுக்குப் பழகிரும்.

தினமும் ஒரே நேரத்துல சாப்பாடு வச்சிட்டு அந்த ரூம்லயே தரையில உக்காந்து ஏதாவது வேலை பாருங்க, பூ கட்டுங்க, கீரை ஆயுங்க, போன் பேசுங்க, ஆனா அதைப் பாக்காதீங்க. இதுதான் நிறையப் பேருக்குத் தெரியாதது. முறைச்சுப் பாத்தா பூனைக்கு அது சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி. அது உங்களைப் பாக்கும்போது கண்ணை மெதுவா பாதி மூடி, மூடி, திறங்க, தூக்கம் வர்ற மாதிரி. இங்கிலாந்துல சசெக்ஸ் யுனிவர்சிட்டில இதை டெஸ்ட் பண்ணியே பாத்திருக்காங்க, 2020ல வந்துச்சு, ஆளுங்க இப்படி மெதுவா கண்ணை மூடித் திறந்தா பூனையும் திருப்பிக் கண்ணைச் சுருக்குது, அதுக்கப்புறம் கையை நீட்டுனா கிட்ட வர்றதும் ஜாஸ்தியா இருக்குன்னு. எங்க வீட்டுச் செவலை கிட்ட நான் இதைத்தான் ராத்திரி ராத்திரி பண்ணுனேன், அது கட்டிலுக்கு அடியில, நான் சுவத்தோரம். பதிமூணாவது நாளோ பதினாலாவது நாளோ, அதுவும் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்துச்சு. எனக்கு அழுகையே வந்துட்டு.

கிட்ட வந்துச்சுன்னா உடனே தூக்கிராதீங்க. ஒரு விரலை அது மூக்கு உயரத்துக்கு நீட்டி வச்சுட்டு சும்மா இருங்க. மோந்து பாத்துட்டு கன்னத்தை உரசுனா சரி, தொடலாம். கன்னம், தாடைக்கு அடியில, ரெண்டு காதுக்கும் நடுவுல, அவ்வளவுதான். வயித்தைத் தொடக்கூடாது, வாலை இழுக்கக்கூடாது. மூணு தடவை தடவிட்டு கையை எடுங்க, இன்னும் வேணும்னா அதுவே தலையால முட்டும், வால் நுனி படக் படக்குன்னு அடிச்சுதுன்னா போதும்னு அர்த்தம். பெரியவங்க பிடரியைப் பிடிச்சு அந்தரத்துல தூக்குவாவ, அம்மா பூனையே அப்படித்தானே தூக்குதுன்னு சொல்லுவாவ, அது பொறந்து சில வாரமே ஆன குட்டியை வாயால கவ்வுறது, வளந்த குட்டியோட மொத்த வெயிட்டும் தோல்ல தொங்குனா வலிக்கும். ஒரு கையை நெஞ்சுக்கடியிலயும் ஒரு கையை பின்னங்காலுக்கு அடியிலயும் குடுத்துத் தூக்கணும்.

பொறந்து ரெண்டாவது வாரத்துல இருந்து ஏழாவது வாரத்துக்குள்ள மனுசங்க கை பட்டு வளந்த குட்டி சீக்கிரம் ஒட்டிக்கிடும், உங்க குட்டிக்கு அந்த நாள் தெருவுலயே போயிட்டு, அதனால மூணு வாரமும் ஆகலாம், ரெண்டு மாசமும் ஆகலாம். பிள்ளைங்களை விலக்கி வைக்காதீங்க, ஆளுக்கொரு வேலை குடுங்க. ஒருத்தர் சாப்பாடு வைக்கட்டும், ஒருத்தர் ஒரு நூல்ல காகிதத்தைக் கட்டி தூரத்துல இருந்து இழுத்து விளையாடட்டும், முடிஞ்சதும் நூலை மறக்காம எடுத்து வச்சிரணும், முழுங்கிட்டுன்னா குடலை அறுத்துரும். வீட்டுல பீடி சுத்துறவங்க இருந்தா தூளை மூடி வைங்க, புகையிலை பூனைக்கு விஷம்.

"எங்க வீட்டுப் பூனைக்கு காலையில பால் சோறு, மதியம் மீன் குழம்பு சோறு. நல்லாத்தான் சாப்பிடுது, ஆனா வயித்தால போகுது, முடியும் கொட்டுது. வேற என்ன குடுக்கணும்?"
(பத்தமடை வாசகர்)

பால் தான் வயித்தால போக வைக்குது அண்ணாச்சி. அம்மாகிட்ட குடிக்கிற குட்டிக்குத்தான் பால் செரிக்கும், வளந்த பூனை நிறையதுக்கு மாட்டுப்பால் சேராது. தாத்தா காலத்துல இருந்து குடுக்கோமேன்னு தோணும், அந்தக் காலத்துப் பூனை பால் சோத்துக்கு மேல எலி, ஓணான், வெட்டுக்கிளின்னு தானே பிடிச்சுத் தின்னு சத்தை ஈடு கட்டிக்கிட்டு. இப்ப மாடி வீட்டுல அடைச்சு வச்சுட்டு பால் சோறு மட்டும் போட்டா அதுக்கு எங்கேருந்து வரும்?

பூனை சுத்த அசைவம். டாரின்னு ஒரு சத்து இருக்கு, அது கறியிலயும் மீன்லயும் தான் இருக்கு, பூனை உடம்பு அதைத் தேவையான அளவுக்குத் தானா உண்டாக்கிக்காது. அது குறைஞ்சா கண்ணு போகும், இருதயம் வீங்கும். இருதய நோய்க்கு இதுதான் காரணம்னு 1987ல தான் அமெரிக்காவுல கண்டுபிடிச்சாங்க, அதுவரைக்கும் ஏன் சாகுதுன்னே தெரியாம எத்தனையோ பூனை செத்திருக்கு. இந்தச் சத்து தண்ணில கரையும், அதனால மீனோ கோழியோ அவிச்சா அந்தத் தண்ணியைக் கீழ ஊத்தாதீங்க, அதையும் சேத்தே பிசைஞ்சு குடுங்க.

மீன் குழம்பு வேண்டவே வேண்டாம். மீனால இல்ல, அதுல கிடக்கிற வெங்காயமும் பூண்டும் பூனை ரத்தத்தையே கெடுக்கும், புளியும் மிளகாயும் உப்பும் அது மேல. நமக்குக் குழம்பு கூட்டுறதுக்கு முன்னாலயே நாலு சாளையோ ஒரு துண்டு அயிலையோ தனியா எடுத்து உப்புப் போடாம வேக வைங்க, பெரிய முள்ளை எடுத்துட்டு ஒரு கை சோத்தோட பிசைஞ்சுருங்க, சோறு கொஞ்சம் மீன் நிறைய, தலைகீழா இல்ல. பச்சையா சாளை, நெத்திலி போடாதீங்க, பச்சை மீன்ல இருக்கிற ஒண்ணு பி1 வைட்டமினை அழிச்சிரும், தினமும் அப்படியே தின்னா நரம்புக் கோளாறு வரும், வேக வச்சா அந்தத் தொல்லை இல்ல. கறிக்கடையில கோழி இதயம் கேட்டு வாங்குங்க, விலை கம்மி, டாரின் ஜாஸ்தி. ஈரல் வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சமா. கருவாடு உப்பு, ஆசைப்படுதேன்னு குடுக்காதீங்க. கடையில விக்கிற பூனைத் தீவனத்துல இந்தச் சத்தெல்லாம் சேத்திருப்பாங்க, முடிஞ்சா பாதிக்குப் பாதி அதையும் வச்சுக்கலாம். தண்ணி மட்டும் ரெண்டு மூணு இடத்துல வைங்க, சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல வேண்டாம், தள்ளி.

"மதினி, எங்க பூனை இந்த வருசம் மூணாவது தடவையா குட்டி போட்டிருக்கு. எங்க அத்தை, குட்டியையும் தாயையும் சாக்குல கட்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டு விட்டுருவோம்னு நிக்காவ. மீன் மார்க்கெட் பக்கம் விட்டா பிழைச்சுக்கிடும்னு சொல்லுதாவ. எனக்கு மனசு கேக்கல, ஆனா வீட்டுல என் பேச்சு எடுபடல."
(களக்காடு பக்கத்துல இருந்து)

இந்த லெட்டரை நான் நாலு தடவை படிச்சேன். ஏன்னா இந்தச் சாக்கு எனக்குத் தெரியும்.

எனக்கு எட்டு வயசு இருக்கும், அப்ப நாங்க கொக்கிரகுளத்துல இருந்தோம், வீட்டுல ஒரு சாம்பல் பூனை, தாத்தா மடியில தான் எப்பவும் கிடக்கும், அவங்க ஈசிசேர்ல சாஞ்சா அது ஏறிரும். அது ஒரு நாள் பூஜை ரூம்ல பால் சொம்பைத் தட்டி விட்டுட்டுன்னு வீட்டுல சண்டை, தாத்தாவே சீனிச் சாக்குல போட்டு சைக்கிள் பின்னால கட்டி, சுலோச்சனா முதலியார் பாலம் தாண்டி டவுண்ல ரதவீதி பக்கம் விட்டுட்டு வந்துட்டாவ. வெறும் சாக்கை மடிச்சு திண்ணையில வச்சதும், அதுல மூத்திர ஈரம் இருந்ததும் எனக்கு இன்னைக்கும் கண்ணுல நிக்கி. பதினோரு நாள் கழிச்சு விடியக்காலம் வாசல்ல ஒரு சத்தம், ஆச்சி கதவைத் திறந்தா அது உக்காந்திருக்கு. பாதி உடம்பா இருந்துச்சு. நாலு பாதமும் தோலுரிஞ்சு செவேல்னு, நடந்து வந்த தடம் திண்ணையில புள்ளி புள்ளியா ரத்தம். தாத்தா தான் வேப்பிலைத் தண்ணி வச்சுக் கழுவி விட்டாவ, ஒண்ணும் பேசல. அது அதுக்கப்புறம் அஞ்சு வருசம் எங்ககூட இருந்துச்சு, என்கிட்ட வரும், ஆச்சிகிட்ட வரும், தாத்தா ஈசிசேர்ல சாஞ்சா மட்டும் எந்திச்சு வெளியே போயிரும். அவங்க கடைசி வரைக்கும் மடியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுப் பாத்தாவ.

"நாய் மனுசனை நம்பும், பூனை வீட்டைத்தான் நம்பும்"னு சொல்லுவாவல்லா, அது சரியில்ல தாயி. அமெரிக்காவுல ஆரிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டில 2019ல குட்டிகளை வச்சுப் பாத்ததுல நூத்துக்கு அறுபத்து நாலு, வளக்கிறவங்களை கைக்குழந்தை அம்மாவை நம்புற மாதிரியே நம்புச்சுன்னு எழுதியிருக்காங்க. ஆளு வெளியே போனா தவிக்குது, திரும்பி வந்தா ஆறிக்கிடுது. அப்படி நம்புனதைத்தான் சாக்குல கட்டுதோம்.

மீன் மார்க்கெட்ல பிழைக்காது. அங்க ஏற்கெனவே இருக்கிற கடுவன் பூனைங்க புதுசை உள்ள விடாது, நாய் இருக்கு, வண்டி இருக்கு. பால் குடுக்கிற தாயைக் கொண்டு விட்டா அது ஒரு குட்டியை வாயில வச்சுக்கிட்டு எங்க போய் ஒளியும்? அத்தைகிட்ட சட்டமும் சொல்லிப் பாருங்க, 1960ல போட்ட மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல, வளத்த பிராணியை பட்டினி கிடக்கிற மாதிரி கொண்டு விட்டா குத்தம். விஷம் வச்சோ அடிச்சோ கொன்னா, இந்தியன் பீனல் கோடுக்குப் பதிலா வந்த புது குற்றச் சட்டத்துல (பாரதிய நியாய சன்ஹிதா) 325வது பிரிவு, அஞ்சு வருசம் வரைக்கும் ஜெயில். ஆனா சட்டத்தை முதல்ல எடுக்காதீங்க, அத்தைக்கு உண்மையான கஷ்டம் ஒண்ணு இருக்கு, வருசத்துக்கு மூணு ஈத்து குட்டியை எந்த வீடு தாங்கும்? அதைத் தீத்து வச்சுட்டா அவங்க சாக்கைத் தேட மாட்டாவ.

அதுக்கு ஒரே வழி குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். பூனை சினை அறுபத்து மூணு அறுபத்தஞ்சு நாள் தான், பால் குடுத்துட்டு இருக்கும்போதே திரும்ப சினை பிடிக்கும். பொட்டைக் குட்டி நாலு மாசத்துலயே பருவத்துக்கு வந்துரும், அதனால இந்த ஈத்துல இருக்கிற பொட்டைகளையும் விட்டுராதீங்க. இப்ப குட்டிங்க எட்டு வாரம் தாய்கூட இருக்கட்டும், அதுக்கு முன்னால பிரிச்சுக் குடுக்காதீங்க, பிரிச்சா கடிக்கிற குட்டியாவும் பயந்த குட்டியாவும் வளரும். அந்த நேரத்துல நல்ல வீடா பாத்து வைங்க, தாய்க்கு பால் வத்துனதும் ஆபரேஷன். பக்கத்துல உள்ள கால்நடை ஆஸ்பத்திரியில கேளுங்க, அங்க பண்ணலைன்னா திருநெல்வேலியில ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்க. "ஒரு தடவையாவது குட்டி போடாம பண்ணுனா பாவம்"னு சொல்லுவாவ, அப்படி ஒரு தேவை பூனை உடம்புக்குக் கிடையாது. பண்ணுனப்புறம் பத்து நாள் வெளியே விடாம, தையலை நக்க விடாம பாத்துக்கிட்டா போதும். போகும்போது சாக்கு வேண்டாம், மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை, ஓட்டை உள்ளது, உள்ள அது படுக்கிற துணி.

"பூனைக்கு உடம்பு சுடுது. நமக்குள்ள பாராசிட்டமால்ல கால் மாத்திரை குடுக்கலாமா?"
(வள்ளியூர்)

குடுக்கவே கூடாது. ஒரு துணுக்கு கூட வேண்டாம். பூனையோட ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கத் தெரியாது, சில மணி நேரத்துல ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சு முட்டிரும், ஒரே மாத்திரையில செத்துப் போகும். தொட்டுப் பாத்து காய்ச்சல்னு சொல்லவும் முடியாது, பூனை உடம்பே நம்மளைவிடச் சூடு, 102 டிகிரி அதுக்கு நார்மல். சாப்பிடாம ஒரு நாள் தாண்டிட்டுன்னா டாக்டர்கிட்ட போயிருங்க. நாய்க்கு உண்ணிக்குத் தடவுற மருந்தும் அப்படித்தான், பெர்மெத்ரின்னு போட்டிருந்தா பூனை பக்கமே கொண்டு போகாதீங்க.

"என் மகளுக்கு மூணு மாசம். பூனை இருக்கிற வீட்டுல கர்ப்பிணி இருக்கக்கூடாது, கரு கலைஞ்சிரும்னு பயமுறுத்துதாங்க. ஆறு வருசமா மக மடியிலேயே வளந்த பூனை, யார்கிட்டயாவது குடுத்துரட்டா?"
(மேலப்பாளையம் வாசகி)

குடுக்க வேண்டாம்மா. சொல்லுறவங்க மொத்தமா பொய் சொல்லல, டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு கிருமி இருக்கு, அது கர்ப்பத்தைப் பாதிக்கும், பூனை மலத்துல வரும். ஆனா ஒரு பூனை அதுக்கு அந்தக் கிருமி முதல் தடவை தொத்துனதும் ஒரு வாரம் ரெண்டு வாரம் அளவுக்குத் தான் வெளியே விடும், அதுவும் மலத்துல வந்த உடனே ஒட்டாது, குறைஞ்சது ஒரு நாளாவது ஆகணும். அதனால பூனை வெளிக்குப் போற மண் தொட்டியை தினமும் சுத்தம் பண்ணிரணும், அதை உங்க மக பண்ணக்கூடாது, நீங்களோ மாப்பிள்ளையோ பண்ணுங்க. பூனையை வெளியே எலி பிடிக்க விடாதீங்க, பச்சைக் கறி போடாதீங்க. இதே கிருமி அரைவேக்காட்டுக் கறியிலயும், கழுவாத கீரையிலயும், தோட்டத்து மண்ணுலயும் இருக்கு, அதுல இருந்து வர்றது தான் நிறைய, பழி மட்டும் பூனை மேல. மகளைப் பாக்கிற டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வையுங்க, ரத்தம் டெஸ்ட் எடுக்கணும்னா அவங்களே சொல்லுவாங்க. மடியில வச்சுக் கொஞ்சலாம், கையைக் கழுவிட்டுச் சாப்பிட்டா போதும்.

"எங்க கடுவன் பூனை ரெண்டு நாளா மெத்தையில, துணி மேலன்னு அங்கங்க போய் உக்காந்து ஒண்ணுக்கு இருக்கப் பாக்குது, சொட்டு சொட்டா தான் வருது. என் வீட்டுக்காரர் விளக்கமாறை எடுத்து அடிச்சுட்டாரு. அடிச்சா தானே புத்தி வரும்ங்காரு."
(தச்சநல்லூர் வாசகி)

உங்களுக்கு போன்லயே பதில் சொல்லிட்டேன், நல்ல வேளையா நீங்க அன்னைக்கே கொண்டு போயிட்டீங்க, மத்தவங்களுக்காக இங்க எழுதுதேன். ஆண் பூனைக்கு ஒண்ணுக்குப் போற பாதை ரொம்பக் குறுகல், அதுல உப்பு மாதிரி படிஞ்சு அடைச்சுக்கிடும், முழுசா அடைச்சா ரெண்டு மூணு நாள்ல உசுரு போயிரும். முக்குறது, கத்துறது, அடிக்கடி அங்கயே நக்குறது, மெத்தை மாதிரி மெதுவான இடமா தேடிப் போறது, இதெல்லாம் "வலிக்குது"ன்னு அது நம்மகிட்ட சொல்லுறது. வலியில வந்து நின்ன பிராணி விளக்கமாத்து அடி வாங்கியிருக்கு. உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கண்ணு கலங்குனாருன்னு சொன்னீங்க, அவரு கெட்டவரு இல்ல, அவருக்கு யாரும் சொல்லல, அவ்வளவுதான்.

வேற எதுக்காகவும் அடிச்சுத் திருத்த முடியாது. தப்பையும் அடியையும் சேத்துப் பாக்க அதுக்குத் தெரியாது, இந்த ஆளு வந்தா வலிக்கும்னு மட்டும் தான் பதியும். நோய் இல்லாம கண்ட இடத்துல போகுதுன்னா மண் தொட்டியைப் பாருங்க, அழுக்கா இருக்கும், இல்ல வாஷிங் மெஷின் பக்கம் சத்தத்துல இருக்கும், இல்ல ரெண்டு பூனைக்கு ஒரே தொட்டியா இருக்கும்.

"வெளியே கிளம்பும்போது எங்க வீட்டுப் பூனையே குறுக்க போயிருது. மாமனார் திரும்ப உள்ள வந்து தண்ணி குடிச்சுட்டுத்தான் போறாவ, பூனையைத் திட்டித் தீக்காவ."
(சங்கரன்கோவில்)

தண்ணி குடிச்சுட்டுப் போகட்டும், அந்த வெயிலுக்கு நல்லது தான். அவங்க செருப்பை மாட்டுற சத்தம் கேட்டதும் அது காலை உரச வருது, அதைத்தான் குறுக்க போகுதுங்காவ. வாலை நட்டமா தூக்கி வச்சுக்கிட்டு வருதான்னு பாக்கச் சொல்லுங்க. அது அவங்களுக்கு வச்ச வணக்கம்.

"ஆன்ட்டி, நான் ஆறாம் கிளாஸ். எங்க பூனை பேரு மிட்டாய். கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது. அதுக்கு அது பேரு தெரியுமா தெரியாதா?"
(அம்பாசமுத்திரம்)

தெரியும் தாயி. ஜப்பான்ல டோக்கியோவுல இருக்கிற ஒரு யுனிவர்சிட்டில இதை அழகா கண்டுபிடிச்சாங்க, 2019ல. அந்தப் பூனை பேரு எவ்வளவு நீளமோ அதே நீளத்துல வேற நாலு வார்த்தையை வரிசையா ஒரே குரல்ல சொன்னாங்க, பூனைக்குச் சலிச்சுப் போச்சு, அப்புறம் அஞ்சாவதா அதோட பேரைச் சொன்னாங்க. நிறைய பூனை எந்திச்சு வரல, ஆனா காதோ தலையோ அசைஞ்சுது.

நீயும் பண்ணிப் பாரு. மிட்டாய் தூங்காம சும்மா படுத்திருக்கும்போது பின்னால தள்ளி உக்காந்துக்கோ. "கட்டில்", "ஜன்னல்", "தக்காளி", "பட்டாணி"ன்னு ஒவ்வொண்ணா, நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டு, கொஞ்சாம சாதாரணமா சொல்லு. அப்புறம் அதே குரல்ல "மிட்டாய்". முகத்தைப் பாக்காத, காதைப் பாரு. எந்தக் காது திரும்புச்சுன்னு எனக்கு எழுது.